மதுரை மேடையில் ஸ்திரீபார்ட்

மதுரை மாநகரை ஆண்டதாகக் கதைகள் கூறும் அரசியர் இருவர். ஒருத்தி, மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயில் தோன்றி, மூன்று தனங்களுடன் பிறந்த காரணத்தால் பெற்றோரைக் கலங்கச் செய்து, பின்னர் அசரீரி வாக்கின்படி ஆண்மகவைப் போலவே படைக்கலப் பயிற்சி பெற்று, முடிசூடித் திக்விஜயம் புறப்பட்ட தடாதகைப் பிராட்டி. மற்றொருத்தி, அல்லி மலரில் கிடைத்த குழந்தையாகப் பாண்டியன் அரண்மனையில் வளர்ந்து, ஆண்வாடையே ஆகாதென்று பெண்களைக் கொண்டே காவலும் கொலுவும் நடத்தி வந்த அல்லி அரசாணி. தடாதகை கயிலையில் சிவபெருமானைக் கண்ட கணத்தில் மூன்றாவது தனம் மறைந்து மணமகளானாள். அல்லிக்கோ அத்தகைய கனிவு வாய்க்கவில்லை. கண்ணனின் சூழ்ச்சித் துணையுடன் பாம்புருக் கொண்டு அந்தப்புரம் புகுந்த அருச்சுனன், அவள் உறங்குகையில் தாலி கட்டிச் சென்றதாகப் புகழேந்தியார் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலை கூறுகிறது. சித்திரைத் திருவிழாவில் இன்றும் மீனாட்சியம்மைக்குப் பட்டாபிஷேகமும், அடுத்து திக்விஜயமும், அதன் பின்னரே திருக்கல்யாணமும் நடப்பதைக் காணும் மதுரை மக்களுக்கு, வாளேந்தி ஆளும் பெண்ணும் அவள் மணமகளாக மாறும் அந்தத் திருப்பமும் பழகிப்போன விஷயங்கள்.

இந்த அல்லியின் கதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ அறுபது, எழுபது ஆண்டுக் காலம் தென்னாட்டு மேடைகளில் விடிய விடிய நடிக்கப்பட்டபொழுது, அரசாணியின் ஆசனத்தில் பெரும்பாலும் அமர்ந்திருந்தது ஒரு பையனாகவே இருக்கும். ஆண்களை அருவருக்கும் அரசியாக ஓர் ஆண்பிள்ளை, அவளை வசப்படுத்த வரும் அருச்சுனனாக மற்றோர் ஆண்பிள்ளை, இருவருக்கும் பின்பாட்டும் ஹார்மோனியமும். எதிரே ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாய்ப் பாயும் தலையணையுமாக வந்திருக்கும் பெருங்கூட்டம். அக்கூட்டத்தில் எவருக்கும் இது விபரீதமாகத் தோன்றவில்லை. அந்த இயல்பு எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன விலையில் கிடைத்தது, பின்னர் ஏன் மறைந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் குயர் கோட்பாடு என்றும், தமிழில் இப்போது பால்புதுமைக் கோட்பாடு என்றும் வழங்கப்படும் ஆராய்ச்சித் துறை, 1990ஆம் ஆண்டை ஒட்டி அந்தப் பெயருடன் உருப்பெற்றது. அவ்வாண்டில் வெளிவந்த ஜெண்டர் டிரபிள் என்னும் நூலில் அமெரிக்கத் தத்துவ ஆசிரியரான ஜூடித் பட்லர், ஆண்மை, பெண்மை என்பவை பிறவியிலேயே உள்ளிருந்து ஊறிவரும் சாரம் என்று நாம் கொள்வது பிழை என்றும், நடை, உடை, பேச்சு, பார்வை ஆகியவற்றை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்வதனாலேயே அவை இயற்கைபோல நிலைபெறுகின்றன என்றும் வாதித்தார். இத்துறையினர் ஓவியத்தையும் திரைப்படத்தையும் நாடகத்தையும் ஆராயும்போது, நடித்தவர் யார்மீது விருப்பம் கொண்டார் என்று துருவுவதைக் காட்டிலும், ஆண் என்றும் பெண் என்றும் ஒரு சமூகம் எவற்றை ஏற்றுக்கொள்கிறது, அந்த ஏற்பாடு எங்கே நெகிழ்கிறது, நெகிழ்ந்த இடத்தைக் கண்டு அது மகிழ்கிறதா, நகைக்கிறதா, அஞ்சுகிறதா என்பவற்றையே பெரிதும் கேட்கின்றனர். நம் பழைய நடிகர்களுக்கு இக்காலத்துப் பெயர்களைச் சூட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இக்காலத்துக் கேள்விகளைக் கொண்டு அவர்களுடைய மேடையை நோக்குவதோ சரித்திரக்காரனின் கடமை.

வேடத்தால் பால் மாறும் மரபு நம் இலக்கியத்தில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று பேடியாடல்; மகன் அநிருத்தனைச் சிறைமீட்கும்பொருட்டு, வாணாசுரனின் நகரத்தில் காமனே பேடி வடிவு கொண்டு ஆடிய கூத்து அது. அல்லியை வசப்படுத்திய அதே அருச்சுனன், விராட நகரத்தில் ஓராண்டுக் காலம் பிருகந்நளையாக இருந்து இளவரசி உத்தரைக்கு நாட்டியம் கற்பித்ததைப் பாரதம் அறிந்தோர் அறிவர். சித்திரை மாதத்தில் வைகையில் எழுந்தருளும் கள்ளழகர், இராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடைபெறும் தசாவதாரக் காட்சியில் மோகினித் திருக்கோலமும் கொள்கிறார். தேவர்க்கும் வீரர்க்கும் அனுமதிக்கப்பட்ட இந்த மாற்றம் ஓர் இரவுக்கோ ஓர் ஆண்டுக்கோ உரியது என்பதையும், முடிவில் காமன் காமனாகவும் அருச்சுனன் அருச்சுனனாகவுமே மீள்கின்றனர் என்பதையும் வாசகர் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். மதுரை மேடையும் இந்த நிபந்தனையைக் கடைசிவரை கைவிடவில்லை.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீசுவரன், இரணியன் முதலிய வேடங்களில் காண்போரை நடுங்கச் செய்த அவர், பின்னர் நடிப்பதை விடுத்து ஆசிரியராகவே நிலைத்தார். அவர் பணியாற்றிய சபைகளுள் இரண்டு, வள்ளி வைத்தியநாத ஐயர் சபையும் அல்லி பரமேசுவர ஐயர் சபையும் ஆகும். நாடக நாயகியின் திருநாமம் ஆண்மகன் பெயருக்கு முன்னே பட்டமாக அமர்ந்திருந்ததும், அதனால் அவர்தம் கௌரவத்துக்குக் குறைவேதும் நேராததும், அக்காலத்து நாடக உலகின் மனப்பாங்கை நமக்கு உணர்த்தும். சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். வயது வந்த நடிகர்கள் பாடம் கேளாமலும் கட்டுப்பாட்டுக்கு அடங்காமலும் தொல்லை கொடுத்தமையால், சிறுவர்களை மட்டும் சேர்த்துப் பழக்குவதே உசிதம் என்று அந்நாளைய ஆசிரியர்கள் தீர்மானித்தனர். ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபை, எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் சிறுவர்களாக இருந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபை என்று, மதுரையில் வேரூன்றியும் மதுரையின் பெயரைத் தாங்கியும் இத்தகைய சபைகள் பல கிளைத்தன.

பெண்களை விலக்கிப் பையன்களைப் பெண்ணாக்கிய இந்த ஏற்பாடு, பால்பேதத்தைப் பற்றிய தாராளமான சிந்தனையினால் உண்டானதென்று எண்ணுதல் வீண். மேடையேறும் பெண்ணை ஒழுக்கம் தவறியவளாகவே கருதிய சமூகம் அது. நடிகையர் பெரும்பாலும் பொட்டுக்கட்டும் மரபிலிருந்து வந்தமையால், அவர்களோடு சேர்ந்து நடிப்பதையே பல சபைகள் அவமானமாகக் கொண்டன. நவாப் இராஜமாணிக்கம் தம் சபையில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாததைப் பக்தி நாடகங்களுக்குரிய ஆசாரமாகவே பாவித்தார். ஜப்பானில் 1629இல் பெண்கள் கபுகி மேடையிலிருந்து விலக்கப்பட்டதும், இங்கிலாந்தில் 1660க்கு முன்னர் ஷேக்ஸ்பியரின் நாயகியரைப் பையன்களே நடித்ததும் இதே வகையான ஒழுக்கக் கவலையின் விளைவுகள். ஆக, பெண்ணின் மீது கொண்ட ஐயம் ஆணுக்குச் சேலை கட்டிவிட்டது. வைதிகத்தின் பிடிவாதமே, வைதிகம் சிறிதும் விரும்பியிராத ஓர் உண்மையை இரவுதோறும் வெளிச்சம் போட்டுக் காட்டும்படி நேர்ந்ததுதான் இச்சரித்திரத்தின் விசித்திரம்.

அந்த உண்மை, பெண்மை என்று உலகம் கண்டு மயங்குவது கற்றுக்கொள்ளத்தக்க வித்தை என்பதே. பால சபைக்குக் குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொடுப்பர். வாத்தியார் பையனின் குரலையும் முகவெட்டையும் பார்த்து, இவன் ராஜபார்ட்டுக்கு, இவன் கள்ளபார்ட்டுக்கு, இவன் பபூனுக்கு, இவன் ஸ்திரீபார்ட்டுக்கு என்று பிரித்துவிடுவார். ஸ்திரீபார்ட்டுக்குத் தேர்ந்த பையன், சேலையைக் கொசுவி உடுத்துவதையும், சவுரி வைத்துப் பின்னிய கூந்தலின் கனத்தைத் தலை தாங்குவதையும், அடியெடுத்து வைக்கும் அளவையும், கோபத்தில் முகம் திருப்பும் பாங்கையும், நாணத்தில் கண் தாழ்த்தும் கணக்கையும் பாட்டோடும் வசனத்தோடும் சேர்த்து மனனம் செய்வான். அடியும் பட்டினியும் அப்பயிற்சியின் பகுதிகளாகவே இருந்தன. சுவாமிகளின் சபையில் சிறுவராகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களின் தந்தையான கண்ணுசாமிப் பிள்ளையே ஸ்திரீபார்ட்டில் பெயர் பெற்றவர். அவர் மக்களுள் முத்துசாமியும் பெண் வேடங்களைத் தாங்கினார். தந்தையிடமிருந்து மகனுக்கு ராகம் இறங்குவதுபோலப் பெண்மையும் இறங்கி வந்த குடும்பம் அது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் சபையில் ஏழு வயதில் சேர்ந்த விழுப்புரத்துச் சிறுவன் கணேசன், சீதையாகவே முதன்முதலில் பெயரெடுத்தான். பின்னாளில் வீரத்துக்கும் கம்பீரத்துக்கும் இலக்கணமாகத் தமிழர் கொண்டாடிய சிவாஜி, ஆண்மையையும் அதே சாலையில் பயின்றவரென்பதை மறத்தலாகாது. நடந்து காட்டிய பெண்மையும் நடந்து காட்டிய ஆண்மையும் ஒரே வாத்தியாரின் பிரம்புக்கு அஞ்சிப் பிறந்த இரட்டையர்.

மேடையிலிருந்த பெண்மை மேடைக்கு வெளியேயும் முன்மாதிரியாயிற்று. மராட்டிய மேடையில் பால கந்தர்வர் உடுத்திய சேலைக்கட்டையும் அணிந்த அணிகளையும் பூனா, பம்பாய் நகரங்களின் குலமாதர் பின்பற்றினர் என்பது பிரசித்தம். சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில், படித்தவர்களே பொழுதுபோக்காக நடித்தபோதும், பெண் வேடம் ஆண்களிடமே இருந்தது. தம்முடன் நெடுங்காலம் நாயகியாக நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றிச் சம்பந்த முதலியார் தம் நாடகமேடை நினைவுகளில் எழுதும் பகுதிகளில், நட்புக்கும் மேடைக் காதலுக்கும் இடையே கோடு கிழிக்க முனைவோர் திகைப்பர். அந்தப் பிரியத்துக்குத் தனிப் பெயர் எதுவும் அக்காலம் சூட்டவில்லை; சூட்ட வேண்டியிராததனாலேயே அவர் அதைச் சங்கோசமின்றி அச்சிலேற்றினார் போலும்.

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு காலக்கெடு இருந்தது. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்த அன்று, ஸ்திரீபார்ட்டின் ராஜ்யம் முடிந்தது. ராஜபார்ட்டுக்கு உயரத்தக்க உடலும் குரலும் மீண்டவர் சிலர். பின்பாட்டுக்கும் ஒப்பனை அறைக்கும் ஒதுங்கியவர் பலர். அயன் ஸ்திரீபார்ட் என்று நேற்றுவரை ஊர் கூடிப் பார்த்தவனைத் தெருவில் அதே நளினத்தோடு நடக்கக் கண்டால், கைதட்டிய அதே கரங்கள் சுட்டிக்காட்டி எள்ளி நகையாடத் தயங்கவில்லை. திரைக்கு முன்னே பாராட்டப்பட்ட குணம் திரைக்குப் பின்னே குற்றமாயிற்று. மேடைக்கு வெளியேயும் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்த பிள்ளை ஒருவன் அச்சபைகளில் இருந்திருந்தால், தன் உள்ளத்தைச் சில மணி நேரம் பகிரங்கமாக உடுத்திக்கொள்ள அவனுக்குக் கிடைத்த ஒரே இடமும் அதுவே, அதைக் கழற்றி வைக்கும்படி கட்டளையிட்ட இடமும் அதுவே.

பெண்கள் மேடையேறிய பின்னர் வேடமாற்றம் எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் வள்ளியாகப் பாடித் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவர். கிட்டப்பா 1933இல் இளம்வயதிலேயே காலமானதும் வெண்ணிற ஆடை பூண்டு, இனி ஆணுடன் ஜோடியாக நடிப்பதில்லையென்று விரதம் கொண்டார். அந்த விரதத்துக்குப் பங்கமில்லாமல் அவரைத் திரைக்குக் கொணர்ந்த வழி விந்தையானது: 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனார் என்னும் ஆடவராகவே அவர் நடித்தார், ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். கைம்பெண்ணின் கட்டுப்பாடே அவருக்கு ஆண்வேடத்தை அருளிற்று. மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, 1941இல் வந்த சாவித்திரி படத்தில் நாரதராகத் தோன்றினார். இவ்விருவரையும் கண்டு எவரும் சிரிக்கவில்லை. பெண் ஆணாவதை ஏற்றமாகவும் ஆண் பெண்ணாவதை இறக்கமாகவும் எண்ணிய சமூகத்தில், முன்னதற்குப் பக்தியும் பின்னதற்குப் பரிகாசமும் கிடைத்தது எதிர்பார்க்கத்தக்கதே.

இந்த ஏற்ற இறக்கங்களினின்று தப்பிய பாத்திரம் ஒன்று உண்டு. கன்னிப் பருவத்தில் மணம்பேச வந்தபோது, விநாயகரை வேண்டித் தன் இளமையையும் அழகையும் துறந்து முதுமையை வரமாகப் பெற்றதாக ஔவையின் கதை கூறும். மனைவியாகவோ தாயாகவோ எவர் வீட்டுக்கும் உரியவளாகாமல், அரசர் சபைகளில் தலைநிமிர்ந்து பேசும் சுதந்திரத்தை அவள் அந்த வரத்தினால் பெற்றாள். இந்த ஔவையை மேடையில் நடித்து அதையே தம் பெயருக்கு முன் பட்டமாகப் பெற்றவர், மதுரைப் பால சபையில் வளர்ந்த டி.கே. சண்முகம்; எஸ்.எஸ். வாசன் தயாரித்து 1953இல் வந்த திரைப்படத்தில் அவளாக நடித்தவர், நந்தனாராக முன்னே நடித்திருந்த சுந்தராம்பாள். அதே சுந்தராம்பாள், சொக்கநாதரின் லீலைகளைச் சொல்லும் திருவிளையாடல் படத்தில் 1965இல் மீண்டும் ஔவையாகத் தோன்றினார். அப்படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜன், இளமையில் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பெண் வேடங்களால் பெயர் பெற்றவர். அதில் சிவனாகத் தோன்றியவரோ, சிறுவயதில் சீதையாக இருந்த சிவாஜி. மதுரையின் புராணத்தை வெண்திரையில் நமக்குக் காட்டிய கைகள் பெரும்பாலும் ஸ்திரீபார்ட்டின் பள்ளியில் பழகிய கைகள்.

எனினும் ஸ்திரீபார்ட்டை வீழ்த்தியதும் சினிமாவே. காஸ் விளக்கு வெளிச்சத்தில் தொலைவிலிருந்து கண்ட முகத்துக்கும், காமிரா அருகே வந்து கண்ட முகத்துக்கும் வேற்றுமை மிகுதி. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வந்தபோதே அதன் நாயகி டி.பி. இராஜலட்சுமி; உடலும் பாத்திரமும் ஒத்திருத்தலே யதார்த்தம் என்ற புதிய அளவுகோல் அதன்பின் நிலைத்தது. பெண்கள் தம் பாத்திரங்களைத் தாமே பெற்றது நியாயமான வெற்றி. அதனை எவரும் குறைகூற இயலாது. ஆனால் அந்த வெற்றியோடு கூடவே, சேலை உடுத்திய ஆண் இனி நகைச்சுவைக்கு மட்டுமே பயன்படுவான் என்ற தீர்ப்பும் ஓசையின்றி எழுதப்பட்டது. ஔவை சண்முகத்தின் பெயரைத் தாங்கி, அவரது குழுவில் பயின்ற கமல்ஹாசன் 1996இல் நடித்த ஔவை சண்முகி, ஒரு வகையில் ஆசிரியருக்குச் செலுத்திய அஞ்சலி. எனினும் ஆசான் வணங்கத்தக்க மூதாட்டியாக நின்ற இடத்தில், மாணவர் அமெரிக்கப் படமொன்றின் சாயலில் சிரிப்பூட்டும் செவிலியாக நிற்க வேண்டியிருந்தது. பாராட்டிலிருந்து பரிகாசத்துக்கு இறங்கிய தூரத்தை அளக்க இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மதுரையைச் சுற்றிய சமவெளியில், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில், சுவாமிகளின் வள்ளி திருமணம் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி வரவழைத்து, ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே சந்திக்கவைக்கும் அந்த முறையில், வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம் ஊராரின் உயிர். வள்ளியாகப் பெண்களே பெரிதும் வருகின்றனர். ஆயினும் ஊர்தோறும் இரவில் தொழில் செய்யும் நடிகையின் மீது படிந்த பழிச்சொல் இன்னும் முற்றும் விலகவில்லை. பையனுக்குச் சேலை கட்டிவிட்ட பழைய ஐயம், பெண் வந்த பின்னும் அங்கேயே குடியிருக்கிறது.

திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருப்பேன் என்று உறுதி கொண்டு வந்த கலைஞர் மதுரைக்கு வாய்த்தது பிந்தித்தான். மதுரையில் பிறந்து, திருநங்கை என்பதனால் வீட்டிலும் வெளியிலும் பட்ட துன்பங்களுக்கிடையே தோழி சக்தியுடன் நாட்டியத்தைத் தேடிச் சென்று, தஞ்சை நால்வர் வழிவந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் குருகுலவாசம் செய்து, அவர் சூட்டிய பெயரையே தம் பெயராகக் கொண்ட நர்த்தகி நடராஜ், நாயகி பாவத்தில் தனிச் சிறப்பெய்தினார். அவருக்கு 2011இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 2019இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. திருநங்கை ஒருவர் பத்மஸ்ரீ பெற்றது அதுவே முதன்முறை. இறைவனை நாயகனாகவும் ஆன்மாவை நாயகியாகவும் கொண்ட பக்தி மரபு ஆண் கவிஞர்களையெல்லாம் பெண்ணாகப் பாடவைத்தது. அந்தப் பாவத்தை அரங்கில் ஆடி முடித்தபின் கழற்றி வைக்கத் தேவையில்லாத ஒருவர் அதை ஆடியபோது, மோகினிக்கும் பிருகந்நளைக்கும் விதிக்கப்பட்ட பழைய நிபந்தனை முதன்முறையாகத் தளர்ந்தது.

அதே நகரத்தில் 2012 ஜூலையில், கணித மேதை ஆலன் டூரிங்கின் நூற்றாண்டை முன்னிட்டு, சிருஷ்டி மதுரை என்னும் மாணவர் அமைப்பு பால்புதுமையினருக்கான வானவில் விழாவையும் ஊர்வலத்தையும் நடத்திற்று. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2019 ஏப்ரல் 22ஆம் நாள் அளித்த தீர்ப்பில், தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆடவருக்கும் திருநங்கைக்கும் நடந்த மணத்தைப் பதிவு செய்ய மறுத்தது தவறென்றும், இந்து திருமணச் சட்டம் கூறும் மணமகளுள் திருநங்கையும் அடங்குவரென்றும், இடைப்பால் குழந்தைகளுக்கு அவசியமற்ற பால்மாற்று அறுவைசிகிச்சை செய்வதைத் தடுக்க வேண்டுமென்றும் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஆணையிட்டார். உறங்கும் பெண்ணுக்குத் தாலி கட்டிய கதையை ரசித்து வளர்ந்த ஊரில், விரும்பி மணமகளானவளை மணமகள் என்று ஒப்புக்கொள்ள ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

நம் கலைகளில் இவை யாவும் முன்பே இருந்தன என்று பெருமிதம் கொள்வோர் இக்காலத்தில் பலர். இருந்தன என்பது மெய்யே. ஆனால் மேடையில் இருந்த சலுகை மனிதர்க்கு நீட்டப்படவில்லை என்பதும், அந்தச் சலுகையும் பெண்களை விலக்கியதன் மீதும் சிறுவர்களின் அடிபட்ட முதுகின் மீதும் கட்டப்பட்டது என்பதும் அதே அளவு மெய். பால சபைகளின் சரித்திரத்தை எழுதுவோர், அவை ஈன்ற முதலமைச்சரையும் நடிகர் திலகத்தையும் மட்டும் எண்ணிப் பார்த்து நிறைவடைதல் போதாது. குரல் உடைந்ததும் கைவிடப்பட்ட ஸ்திரீபார்ட்டுகளின் பெயர்களைப் பழைய துண்டுப் பிரசுரங்களிலிருந்தும் நடிகர் குடும்பங்களின் ஞாபகத்திலிருந்தும் தேடித் திரட்ட வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசும்பொழுதே, நம் மரபு பரந்த மனமுடையது என்ற வாதம் பரீட்சைக்கு நிற்கத் தகுதி பெறும்.